நான் போட்ட சிவப்புக் குறி

கிள்ளான்,
14 ஆகஸ்ட் 2021

அன்புள்ள தங்கமணிக்கு,

கிள்ளானிலிருந்து உஷாராணி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை உன் பெயரை எழுதியதும் நின்றுவிட்டது. பாலன் அண்ணன் உன்னை விட்டுப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். உன்னிடம் போய் நலமா என்று எப்படிக் கேட்பேன்? காய்ச்சல் விட்டதா, இருமல் நின்றதா, ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. பதினோரு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். உன்மேல் தப்பில்லை. நம் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நீ கடைசியாகப் பேசி அனுப்பியதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. “இருபத்திரெண்டு வருஷம் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரே வரிசையில இருந்தோம். எங்க வீட்டுல மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறாருன்னு என் பிள்ள ரிஷி ஊருக்கே மெசேஜ் போட்டான். உங்க ஒருத்தர்கிட்ட இருந்தும் ஒரு போன் வரல. பரவால்ல லா. எல்லாரும் நல்லா இருங்க.” அவ்வளவுதான். சொல்லிவிட்டு குரூப்பை விட்டு வெளியே போய்விட்டாய். அதன் பிறகு இரண்டு நாள் அங்கே வீரம்மாகூடக் காலை வணக்கப் பூ அனுப்பவில்லை.

ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை என்று நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது, இது நான்காவது. நீயும் கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறி ஏறினால் ரவாங்குக்கு இரண்டு மணி நேரம். இந்த ஊரடங்கில் ரவாங் எனக்கு வெளிநாடு. சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் என்ன காரணம் சொல்வது? சிநேகிதியிடம் ஓர் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. இவருக்கு ஊசி போட்ட கை மூன்று நாள் தூக்க முடியவில்லை என்று என்னைக் காபி கலக்க வைத்தார். மூன்று நாளில் கை சரியாகியும் காபி நான்தான் கலக்குகிறேன். பின் தெருவில் ஒரு வீட்டில் சன்னல் கம்பியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று தெரியுமல்லவா. இவர் அரிசியும் சார்டின் டின்னும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பெண்ணை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது.

நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சாக்குச் சொல்வதற்கு இல்லை. ஆனால் இது தெரியாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தவளுக்கு இந்த நோய் ஒரு முழுநேர வேலையைக் கொடுத்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் வானொலி. பல் விளக்கும்போது போனில் பத்திரிகை. பிறகு டிவி. தமிழில் கேட்டதையே மலாயிலும், மலாயில் கேட்டதையே ஆங்கிலத்திலும் கேட்பேன், ஏதோ ஒரு மொழியில் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள் என்பதைப் போல. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் தொற்று எத்தனை என்று நீல மையிலும் இறந்தவர் எத்தனை என்று சிவப்பு மையிலும் எழுதி வைத்தேன். இவர் அந்தக் காலண்டரைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தார். நான் தேடி எடுத்து மறுபடியும் மாட்டினேன். இடது கையில் போனை வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவேன். “நீ சோறு சாப்பிடுறியா, நியூஸ் சாப்பிடுறியா?” என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கு என்ன குழம்பு என்று அவர் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

குரூப் ஒரு பக்கம். வீரம்மாவை உனக்குத் தெரியும். பூண்டு வேகவைத்த தண்ணீர், கற்பூரமும் ஓமமும் கட்டிய முடிச்சு, ஊசி போட்டால் ஒட்டிக்கொள்ளும் காந்தம், நாளை முதல் கடைகள் அடைப்பு என்று யாரோ ஒருவர் அலறும் பதிவு, எது வந்தாலும் அப்படியே நமக்குத் தள்ளிவிடுவாள். படித்தும் பார்க்க மாட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கை இல்லையா? இனிமேல் எந்தச் செய்தியையும் நான் சரிபார்த்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று குரூப்பில் ஒரு சட்டம் போட்டேன். பொய் என்று தெரிந்தால் அதன் கீழே சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று போடுவேன். “பொய். யாரும் பகிர வேண்டாம்” என்று எழுதுவேன். போட்டவர் அதை உடனே அழித்துவிட வேண்டும். எல்லாரும் கேட்டார்கள். டீச்சர் இருக்கிறார், நமக்கென்ன கவலை என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ஒவ்வொரு குறி போடும்போதும் நெஞ்சிலிருந்த பயம் கொஞ்ச நேரம் இறங்கும். அதற்காகவே அடுத்த பொய் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஜூலையில் செராஸில் ஒரு தாய்க்கு ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று ஒரு செய்தி சுற்றியது. அடுத்த நாள் அதே செய்தி வேறு பெயரில், வேறு ஊரில். நம் ஆட்கள் இரண்டு பேர் பணம் போட்டு ஏமாந்தார்கள். அது மோசடி என்று கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். அன்றைக்கு எனக்கு வந்த பாராட்டைப் பார்த்து இவர்கூடத் தலையாட்டினார்.

மணி ஆகிவிட்டது. இவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். மீதியை நாளை எழுதுகிறேன்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று சாப்பாட்டைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டேன். இன்று எழுந்திருக்க மாட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், புதன்கிழமை, நாலு மணிக்கு மேல் வீரம்மா குரூப்பில் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டாள். பாதி ஆங்கிலம், பாதி மலாய். பல பேர் கை மாறி வந்தது என்ற அடையாளம் அதன் மேல் இருந்தது. ‘ஆறுமுகம் த/பெ நாகையா, வயது 63, ரவாங். ஆக்சிஜன் 84. மருத்துவமனையில் இடத்துக்குக் காத்திருக்கிறோம். மெஷின் இருப்பவர்கள் தயவுசெய்து அழைக்கவும். மகன்.’ கீழே ஒரு நம்பர்.

தங்கமணி, எனக்கு ஆறுமுகம் என்று யாரையும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் என் அடுத்த வீட்டுக்காரர், என் மகளுக்கு டெங்கி வந்தபோது நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் ரத்தம் கொடுக்கப் போய் நின்றவர், அவர் ஐசி அடையாள அட்டையில் என்ன பெயர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நமக்கெல்லாம் அவர் பாலன். நீ கூப்பிட்டது பாலன், உன் மாமியார் கூப்பிட்டது பாலன், என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் நான் என் கையால் எழுதிக் கொடுத்ததும் ‘பாலன் குடும்பத்தினர்’. நம் வரிசையில் பாதிப் பேருக்கு இப்படித்தான், வீட்டுக்கு ஒரு பெயர், அரசாங்கத்துக்கு ஒரு பெயர். ரிஷி மருத்துவத் தாளில் இருந்த பெயரை எழுதியிருக்கிறான். வேறு எதை எழுதுவான்? நீ காய்ச்சலில் கிடந்தாய், அவன் நம் குரூப்பில் இல்லை, அதனால் அது யார் யாரையோ சுற்றித்தான் எங்களிடம் வந்தது.

பெயர்தான் தெரியாது. ரவாங் என்று இருந்ததே. ரவாங்கில் உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? வயது இருந்ததே. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லை, அன்றைய தொற்றுக் கணக்கு வரும் நேரம் அது. செராஸ் மோசடியின் அடுத்த வேடம் என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டேன். ஒழுங்குக்காக அந்த நம்பரை அடித்தேன். ஒரே ஒரு தடவை. என்கேஜ். மோசடிக்காரன் எடுக்க மாட்டான்தானே என்று குறியைப் போட்டேன். பொய், யாரும் பகிர வேண்டாம் என்று எழுதினேன். “வீரம்மா, உடனே அழிக்கவும்” என்றும் எழுதினேன். பாவம், அவள் உடனே அழித்துவிட்டாள். அதனால்தான் நீ பிறகு குரூப்பைத் திறந்து பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. தினமும் நான் போடும் இருபது குறிகளில் ஒன்றுதான் உன் கண்ணில் பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் போனிலிருந்து ரிஷி, பாலன் அண்ணனின் படத்தைப் போட்டு, அப்பா தவறிவிட்டார் என்று எழுதினான். பேச வேண்டியவர்கள் அழைக்க என்று தன் நம்பரையும் கொடுத்திருந்தான். நான் அந்த நம்பரை அடித்தேன். போன் எனக்குக் காட்டியது: இந்த எண்ணைப் புதன்கிழமை மாலை 4.18க்கு நீங்கள் ஏற்கெனவே அழைத்திருக்கிறீர்கள்.

நான் உடனே வைத்துவிட்டேன். ரிஷி திரும்ப அழைத்தான். எடுக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாலன் அண்ணனுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நம் கடைசி வீட்டுக் குகன், இப்போது பங்சாரில் இருக்கிறானே, அவன் சனிக்கிழமை என்னை அழைத்தான். சொன்னான்: “அக்கா, அம்மாவுக்காக வாங்குன மெஷின் எங்க ஹால்லதான் இருந்துச்சு. அம்மா தேறி ஒரு மாசம் ஆச்சு. அந்த மெசேஜ் பாத்ததும் யாரா இருந்தா என்னன்னு நம்பரை அமுக்கப் போனேன். உங்க குறி வந்துச்சு. டீச்சர் பாத்துட்டாங்கன்னு போனை வெச்சுட்டேன்.”

இந்த வரியை எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது. பங்சாரிலிருந்து ரவாங்குக்கு முக்கால் மணி நேரம். புதன் மாலையிலிருந்து வெள்ளி விடியும்வரை எத்தனை முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். நீயும் எண்ணுவாய். அந்த மெஷின் வந்திருந்தால் அண்ணன் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்க மாட்டார் என்று இவர் சொல்கிறார். அது என்னைச் சாப்பிட வைக்கச் சொல்வது. வந்திருந்தால் ஒருவேளை அவருக்கு அந்த இரண்டு ராத்திரி மூச்சாவது கொஞ்சம் எளிதாக வந்திருக்கும். ஊரில் ஒருவருக்காவது தன் நினைவு இருக்கிறது என்று தெரிந்து போயிருப்பார்.

“இத தங்கமணி அக்காவுக்குச் சொல்ல வேணாம் லா அக்கா. சொன்னா அவங்களுக்கு இன்னொரு தடவ சாவு” என்று குகன் கெஞ்சினான். இவரும் அதையேதான் சொன்னார். வீரம்மாவுக்குத் தான் அனுப்பியதும் நினைவில்லை, அழித்ததும் நினைவில்லை. ஆக, நான் வாயை மூடிக்கொண்டால் இது என்னோடு போய்விடும். மூடிக்கொண்டுதான் இருந்தேன். பதினாறாம் நாள் நீயும் ரிஷியும் மட்டும் வீட்டில் விளக்கேற்றிப் படைத்தீர்கள் என்று கேள்விப்பட்ட அன்றும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நீ குரூப்பில் உள்ள எண்பது பேரையும் வெறுப்பாய், அதில் நானும் ஒருத்தியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவ்வளவு கேவலமாக நினைத்தேன்.

போன வியாழக்கிழமை வீரம்மா ரிஷியோடு பேசிவிட்டு என்னை அழைத்தாள். அந்தப் பிள்ளை அவளிடம் கேட்டானாம்: “ஆன்டி, நான் மெசேஜ் சரியா எழுதலயா? ஐசி பேரு போட்டதுனாலதான் யாருக்கும் தெரியாம போச்சா? பாலன்னு போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரா?” தொழிற்சாலைக்கும் போகாமல், அந்தச் செய்தியையே போனில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். இருபத்தாறு வயதுப் பிள்ளை. நீ அதைப் பார்த்துக்கொண்டு எப்படித் தாங்குகிறாய்?

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இன்று காலையில் குரூப்பில் நடந்ததை எழுதிவிட்டேன், குகன் பெயரைச் சொல்லாமல். அவனை நீ ஒன்றும் சொல்லிவிடாதே, அவன் என்னை நம்பியது மட்டும்தான் செய்தான். வீரம்மாவையும் சொல்லாதே. நாங்கள் எல்லாரும் கேலி செய்த வீரம்மாதான் உன் வீட்டுச் செய்தியை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாள். மற்றவர்கள் உனக்கு அழைப்பார்கள். எடு, தங்கமணி. அவர்கள் உன்னை விட்டுவிடவில்லை. என்மேல் உள்ளதை அவர்கள்மேல் காட்டாதே.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தவள் இல்லை நான். கேட்க ஆசை இருக்கிறது, வாய் வரவில்லை. உன் குரல் இல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். நீ சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு கல்யாணம் செய்து, வீடு நிறைய ஆட்களோடு நீ இருக்க வேண்டும். அண்ணனின் பெயரை, இரண்டு பெயரையும், இனிமேல் நான் தினமும் சொல்லிக் கும்பிடுவேன்.

இப்போது ஒரே ஒரு காரியம் செய். இந்தக் கடிதம் வந்த நாளே, அதைத் தள்ளிப் போடாமல் செய். ரிஷியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை. அந்த மெசேஜில் பெயர், வயது, ஊர், நம்பர், ஆக்சிஜன் அளவு, எதையும் அவன் விடவில்லை. கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சியிருந்தான். அதைப் பார்த்தவன் ஒருவன் யார் எவர் என்று தெரியாமலே போனைக் கையில் எடுத்தான். முதலாம் வகுப்பில் ரிஷிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர் அதை வேறிடத்திலிருந்து தேடி எடுத்து நூறு தடவை படித்துப் பார்த்துவிட்டார், அதில் ஒரு பிழையும் இல்லை என்று சொல். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனிடம் இதைச் சொல்லிவிடு.

என்றும் உன்,
உஷாராணி